சைக்காலஜி ஈஸிதானே, ஆன்லைனிலேயே எடுத்துவிடலாமா?

கேட்டவர் அமெரிக்காவில் டாலஸ் பக்கம் இருக்கிறார், வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குக் கொடுக்கும் எச்4 விசா. ஊரில் பி.காம் முடித்தவர். இங்கே கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் சேர ஆசை. அதற்கு முன் முடிக்க வேண்டிய பாடங்களில் ஜெனரல் சைக்காலஜியும் ஒன்று. சின்னப் பிள்ளைக்கு மூன்று வயது, அதனால் ஆன்லைன்தான் தோது. "சைக்காலஜி ஈஸி என்று எல்லாரும் சொல்கிறார்கள். 8 வாரக் கோர்ஸாக எடுத்து முடித்துவிடலாமா? ஜூலையில் ஊருக்குப் போகிறோம், அங்கிருந்தே படிக்க முடியுமா? என் இங்கிலீஷ் சுமார்தான், அதுதான் பயமாக இருக்கிறது" என்பது கேள்வி.

ஆன்லைனில் தாராளமாக எடுங்கள். ஆனால் 8 வாரம் வேண்டாம், 16 வாரக் கோர்ஸ் எடுங்கள். ஊருக்குப் போகிற கோடையில் வேண்டவே வேண்டாம். காரணம் சொல்கிறேன். நானும் எச்4-இல் வந்து இதே பாடத்தை ஆன்லைனில் எடுத்தவள்தான். இப்போது ஒரு கம்யூனிட்டி காலேஜின் டியூட்டரிங் சென்டரில் வேலை. செமஸ்டருக்குச் செமஸ்டர் இந்தப் பாடத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கணக்கு. டெக்சாஸில் இந்தப் பாடத்துக்கு எந்தப் பொதுக் கல்லூரியிலும் ஒரே எண்: பிஎஸ்ஒய்சி 2301. மூன்று கிரெடிட். மூன்று கிரெடிட் என்றால் 48 மணி நேர வகுப்பு. வகுப்புக்கு வெளியே அதைப்போல் இரண்டு மடங்கு படிக்க வேண்டும் என்பது இங்கே கணக்கு. ஆக மொத்தம் 144 மணி. 16 வாரத்தில் அது வாரத்துக்கு 9 மணி. 8 வாரத்தில் 18 மணி. 5 வாரக் கோடைக் கோர்ஸில் கிட்டத்தட்ட 29 மணி. கோர்ஸ் சுருங்கினால் பாடம் சுருங்காது. மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு வாரம் 18 மணி நேரம் உங்களுக்கு எங்கிருந்து வரும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஆன்லைன் என்பதால் அந்த 48 மணி நேர வகுப்பு காணாமல் போய்விடாது, அதுவும் உங்கள் தலையில் வீட்டுப்பாடமாக இறங்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இப்போது அந்த "ஈஸி"க்கு வருகிறேன்.

இந்தப் பாடத்தில் வரும் சொற்கள் பலவும் நாம் தினமும் புழங்கும் சொற்கள். மெமரி, பெர்சனாலிட்டி, ஸ்ட்ரெஸ், மோட்டிவேஷன். புத்தகத்தைப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த விஷயம் மாதிரியே இருக்கும். அனாட்டமி படித்தால் புரியவில்லை என்பது உடனே புரிந்துவிடும். சைக்காலஜியில் புரியவில்லை என்பதே தேர்வில்தான் தெரியவரும். நேரில் வகுப்பு இருந்தால் ப்ரொபசர் கேள்வி கேட்பார், பக்கத்தில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்வார், நாமும் அதே தப்பைத்தான் நினைத்தோம் என்று விழித்துக்கொள்வோம். ஆன்லைனில் அந்த விழிப்பு இல்லை. என் முதல் க்விஸில் 20-க்கு 11. இத்தனைக்கும் அந்த அதிகாரத்தை மூன்று முறை படித்திருந்தேன், மஞ்சள் மார்க்கர் தீர்ந்தே போயிருந்தது.

ஒரு உதாரணம் பார்ப்போம். நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் என்று ஒன்று வரும். கேட்டதும் "தண்டனை" என்றுதான் மனசு சொல்லும். தண்டனை இல்லை. ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் என்றாலே ஒரு நடத்தை கூடுகிறது என்று அர்த்தம். பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது நல்லது கெட்டது அல்ல, கூட்டல் கழித்தல். எதையாவது சேர்த்தால் பாசிட்டிவ், எதையாவது எடுத்தால் நெகட்டிவ். காரில் ஏறியதும் பீப் பீப் என்று கத்துகிறது, பெல்ட் போட்டதும் நின்றுவிடுகிறது. தொல்லை எடுக்கப்பட்டது, அதனால் பெல்ட் போடும் பழக்கம் கூடுகிறது. இது நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். இதுவரை எல்லாருக்கும் புரியும்.

தேர்வில் இப்படிக் கேட்க மாட்டார்கள். இப்படிக் கேட்பார்கள்: கடையில் பிள்ளை சாக்லேட் கேட்டு அழுகிறது. அம்மா வாங்கிக் கொடுக்கிறாள். அழுகை நிற்கிறது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது பிள்ளை அழ ஆரம்பித்த உடனேயே அம்மா வாங்கிக் கொடுத்துவிடுகிறாள். அம்மாவின் நடத்தையை விளக்குவது எது?

முக்கால்வாசிப் பேர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு பாசிட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் என்று குறிப்பார்கள். பிள்ளைக்கு அது சரி. அழுதது, சாக்லேட் கிடைத்தது, அழுகை கூடும். ஆனால் கேள்வி அம்மாவைப் பற்றி. அவளுக்கு அழுகைச் சத்தம் எடுக்கப்பட்டது, அதனால் வாங்கிக் கொடுக்கும் நடத்தை கூடியது. விடை நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். ஒரே காட்சியில் இருவருக்கும் இரண்டு விதம். யாருடைய நடத்தை, கூடியதா குறைந்ததா, சேர்த்தார்களா எடுத்தார்களா என்று மூன்று கேள்வியை வரிசையாகக் கேட்டுவிட்டுத்தான் விடையைத் தொட வேண்டும். நம் ஊர்ப் படிப்பில் வரையறையை எழுதினால் மார்க். இங்கே வரையறை தெரிந்தவர்களுக்குத்தான் கேள்வியே ஆரம்பிக்கிறது. இங்கிலீஷ் பயத்தை விட இதைத்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

இதற்கு மருந்தும் இதே துறையிலேயே இருக்கிறது. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்குச் சூரியனைப் பற்றி ஒன்று, கடல் நீர்நாயைப் பற்றி ஒன்று என்று இரண்டு சிறு கட்டுரைகள். ஒன்றை இரண்டு முறை படிக்க வைத்தார்கள். இன்னொன்றை ஒரு முறை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவுக்கு வந்ததையெல்லாம் எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தால் இரண்டு முறை படித்ததே முன்னால்: 81 சதவீதம், மற்றது 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தலைகீழ். எழுதிப் பார்த்தது 56, திரும்பப் படித்தது 42. இன்னும் சுவாரஸ்யம், அவர்களே செய்த அடுத்த சோதனையில் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று நம்பிக்கையோடு இருந்தார்கள். என் மஞ்சள் மார்க்கர் கதை அதுதான்.

ஆகவே படிக்கும் முறை இப்படி இருக்கட்டும். ஒரு பகுதியைப் படியுங்கள், மடிக்கணினியை மூடுங்கள், வெற்றுத் தாளில் எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் சரி. பிறகு திறந்து விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேருங்கள். மறுநாள் காலை காபி போடும்போது அந்தச் சிவப்பை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நான் இதற்கு மாறியது நான்காவது வாரத்தில். கடைசியில் ஏ வந்தது, ஆனால் முதல் மூன்று வாரம் இழந்ததை ஈடுகட்ட அப்படி உழைக்க வேண்டியிருந்தது.

வாரம் எப்படிப் போகும் என்றால், கேன்வஸ் அல்லது பிளாக்போர்டு அல்லது பிரைட்ஸ்பேஸ் என்ற ஏதோ ஒரு தளத்தில் திங்கட்கிழமை புதிய அதிகாரம் திறக்கும். படிக்க 30, 40 பக்கம், சில வீடியோ, ஒரு க்விஸ், ஒரு டிஸ்கஷன் போர்டு. டிஸ்கஷனில் உங்கள் பதிவு புதனோ வியாழனோ இரவுக்குள், அதன் பிறகு சக மாணவர்கள் இருவருக்குப் பதில் ஞாயிறு இரவு 11:59-க்குள். நம்மவர்கள் விழுவது இங்கேதான். எல்லாம் ஞாயிறு இரவுதானே என்று இருந்துவிட்டு, வியாழன் டெட்லைனைத் தவற விடுவார்கள். ஒரு வாரத்துக்கு 10 மார்க் என்று அலட்சியமாகத் தெரியும், செமஸ்டர் முடிவில் ஏ-யா பி-யா என்பதை அதுதான் தீர்மானிக்கும். நர்சிங் சேர்க்கையில் இந்த முன்தேவைப் பாடங்களின் கிரேடையும் பார்க்கிறார்கள். பாஸ் ஆனால் போதும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதல் வாரத்தில் இன்னொரு கண்ணி. லாகின் செய்து பார்த்தால் வருகை ஆகாது. ஃபெடரல் விதிப்படி ஏதாவது ஒரு பாடவேலையைச் செய்திருக்க வேண்டும். பெரும்பாலும் "உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்" என்ற பதிவோ, சிலபஸ் க்விஸோ கொடுத்திருப்பார்கள். அற்பமாகத் தெரிகிறதே என்று விட்டுவிட்டால், வகுப்புக்கே வராதவர் என்று பெயரை நீக்கிவிடும் கல்லூரிகள் உண்டு.

சிலபஸ் என்றதும் நினைவு வருகிறது. டெக்சாஸ் பொதுக் கல்லூரிகள் சிலபஸை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று 2009-இல் சட்டமே வந்துவிட்டது. சேரும் முன்பே போன செமஸ்டர் சிலபஸைத் தேடிப் படியுங்கள். ஒரே காலேஜில் ஒரே பாடத்தை நடத்தும் இரண்டு ப்ரொபசர்களுக்குள் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இருக்கும். ஒருவர் நான்கு தேர்வு, ஒரு கட்டுரை. இன்னொருவர் வாரம் ஒரு க்விஸ், மிகக் குறைந்த இரண்டு மார்க்கைக் கழித்துவிடுவார். உங்கள் நிலைமைக்கு இரண்டாமவர்தான் லாயக்கு. பிள்ளைக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தாலும் தப்பிக்கலாம்.

புத்தகத்தையும் அந்த சிலபஸிலேயே பாருங்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் சைக்காலஜி என்று போட்டிருந்தால் யோகம், அது இலவசம், 16 அதிகாரம். இல்லாமல் ஏதாவது பதிப்பகத்தின் ஆக்ஸஸ் கோடு (அவர்கள் தளத்துக்குள் நுழைய விலைக்கு வாங்கும் எண்) கேட்டிருந்தால், தோழியிடம் பழைய புத்தகம் வாங்கிப் பிரயோஜனமில்லை. ஹோம்வொர்க்கே அந்தக் கோடுக்குள்தான் இருக்கும்.

விசாவைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. எச்4-இல் படிக்கத் தடையில்லை, ஒரு பாடமோ முழு நேரமோ எடுக்கலாம். ஃபெடரல் கல்வி உதவி மட்டும் கிடைக்காது. டெக்சாஸில் ஒரு வருடம் குடியிருந்ததைக் காட்டினால் உள்ளூர்க் கட்டணம் வாங்க வழி இருக்கிறது, லீஸ் பத்திரத்தை எடுத்துக்கொண்டு காலேஜின் அட்மிஷன் அலுவலகத்துக்குப் போங்கள். மாணவர் விசாவான எஃப்1-க்கு மாறினால் கதை வேறு: ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் முழுநேரக் கணக்கில் சேரும்.

முடியாது என்று தோன்றினால் சீக்கிரம் விலகுங்கள். 16 வாரக் கோர்ஸில் 12-ஆவது வகுப்பு நாள் வரை விலகினால் மதிப்பெண் பட்டியலில் தடமே இருக்காது. அதற்குப் பிறகு என்றால் டபிள்யூ, அதாவது விலகியவர் என்ற குறி, விழும். டெக்சாஸில் இளநிலைப் படிப்பு முழுவதிலும் ஆறு பாடத்துக்கு மேல் அப்படி விலகக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. 8 வாரக் கோர்ஸில் இந்த நாட்களும் சுருங்கிவிடும். முதல் க்விஸ் மார்க் வருவதற்குள் கதவு சாத்தியிருக்கும்.

இப்போது ஜூலை. அங்கிருந்து படிக்கலாம், ஆனால் தேர்வு எழுதுவது பெரும்பாடு. இங்கே ஞாயிறு இரவு 11:59 என்பது கோடையில் நம் ஊரில் திங்கள் காலை 10:29. அது கூடப் பழகிவிடும். பிரச்சினை கண்காணிப்பு மென்பொருள்தான். தேர்வைத் தவிர வேறெதையும் திறக்க விடாத லாக்டவுன் பிரவுசர் போட்டு, கேமராவை வைத்து, தேர்வுக்கு முன் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள். என்னிடம் வந்த ஒரு பெண் மாமியார் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து மிட்டெர்ம் எழுதினாள். அறையைக் காட்டி முடித்து 14-ஆவது கேள்விக்கு வந்தபோது கரண்ட் போனது. மடிக்கணினிக்கு பேட்டரி இருந்தது, வைஃபை ரவுட்டருக்கு இல்லை. செல்போனில் ஹாட்ஸ்பாட் போடலாம் என்றால், போன் கையில் தெரிந்தாலே மென்பொருள் சந்தேகக் குறி போட்டுவிடும். கரண்ட் வந்து உள்ளே நுழைந்தபோது நேரம் முடிந்திருந்தது. ப்ரொபசர் நல்லவர், மறுதேர்வு கொடுத்தார். ஆனால் அவள் நம்ப வைக்க எத்தனை மின்னஞ்சல் எழுதினாள் என்று எனக்குத்தான் தெரியும். ஊருக்குப் போனால் நிம்மதியாகப் போய் வாருங்கள். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் 16 வாரக் கோர்ஸில் சேர்ந்துகொள்ளலாம். ஊரில் இருக்கும்போது ஓப்பன்ஸ்டாக்ஸ் புத்தகத்தில் இரண்டாவது, மூன்றாவது அதிகாரத்தை மட்டும் புரட்டி வையுங்கள்.

அந்த இரண்டும்தான் ஆளை விழுத்தாட்டும். இரண்டாவது ஆய்வு முறைகள்: இரண்டு விஷயம் சேர்ந்தே வருவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்பதை இருபது விதமாகக் கேட்பார்கள். பி.காமில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்திருப்பீர்கள், சமாளிக்கலாம். மூன்றாவது மூளையும் நரம்பும். நியூரான், சினாப்ஸ், டோபமைன், பெயர் பெயராக வரும். நர்சிங்குக்கு எப்படியும் அனாட்டமி எடுக்கப் போகிறீர்கள், இங்கே போட்ட உழைப்பு அங்கே உதவும். மூளை பற்றிப் படிக்கையில் வி.எஸ்.ராமச்சந்திரன் பெயரைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கையை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வலி எடுக்கும் அல்லவா, ஒரு பெட்டியில் கண்ணாடியை வைத்து, இருக்கும் கையின் பிம்பத்தைக் காட்டி அந்த வலியைக் குறைத்துக் காட்டியவர்.

சமூக உளவியல் அதிகாரம் கதை மாதிரி போகும். பக்கத்து அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்னபோது 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போன மில்கிராம் சோதனை, மாணவர்களைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் நடிக்க வைத்து, இரண்டு வாரத் திட்டத்தை ஆறு நாளில் நிறுத்திய 1971-இன் ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனை. படிக்க விறுவிறுப்பு, ஆனால் பழைய நோட்ஸை வைத்துப் படிக்காதீர்கள். ஸ்டான்ஃபோர்டு சோதனையில் காவலர்களாக நடித்தவர்களுக்கு எப்படி நடக்க வேண்டும் என்று முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார்கள் என்ற விமர்சனம் இப்போது பலமாக இருக்கிறது. 2015-இல் உளவியல் ஆய்வுகள் 100-ஐ எடுத்து மறுபடி செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் தெளிவான முடிவு காட்டியவை, மறுபடி செய்தபோது 36 சதவீதம்தான் காட்டின. இதையெல்லாம் தேர்வில் கேட்கும் ப்ரொபசர்கள் பெருகிவிட்டார்கள். எனக்குப் பிடித்த மாற்றம் இது. ஒரு துறை தன் ஓட்டையைத் தானே பாடமாக வைப்பது லேசில் நடக்காது.

கோர்ஸே வேண்டாம், கிளெப் தேர்வு எழுதிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். 90 நிமிடம், சுமார் 95 கேள்வி, 50 எடுத்தால் மூன்று கிரெடிட் கொடுக்கலாம் என்பது பரிந்துரை. ஆனால் அதில் கிரெடிட் வரும், கிரேடு வராது. ஜிபிஏ, அதாவது கிரேடுகளின் சராசரி, வைத்து ஆள் எடுக்கும் நர்சிங்குக்கு அது கைகொடுக்காது. மேலும் இதற்கு அடுத்தது பிஎஸ்ஒய்சி 2314, குழந்தை முதல் முதுமை வரையிலான வளர்ச்சி உளவியல், நர்சிங்குக்கு அதையும் கேட்பார்கள். இங்கே அடித்தளம் போடாமல் அங்கே போனால் திண்டாட்டம்.

இதைப் படித்துவிட்டு ஊரிலிருந்து கேட்கப் போகிறவர்களுக்கு: இதெல்லாம் அமெரிக்கக் கதை. இந்தியாவில் 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல் சைக்காலஜியைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யூஜிசி உத்தரவிட்டிருக்கிறது. சைக்காலஜியில் ஆன்லைன் பட்டம் என்று யாராவது பணம் கேட்டால் ஜாக்கிரதை.

கடைசியாக இங்கிலீஷ். டிஸ்கஷன் பதிவை ஏஐ-யிடம் எழுதச் சொல்லி ஒட்டாதீர்கள். பிடிபட்டால் பூஜ்யம் மட்டும் இல்லை, ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பில் பெயர் ஏறும். அந்த வழவழப்பு இங்கிலீஷுக்கு மார்க்கும் பெரிதாக வராது. உங்கள் சொந்த அனுபவத்திலிருந்து எழுதச் சொல்லித்தான் கேட்பார்கள். கிளாசிக்கல் கண்டிஷனிங்குக்கு உதாரணம் கேட்டபோது நான் எங்கள் தெருவுக்கு வரும் குல்ஃபி வண்டியை எழுதினேன். இரவு ஒன்பது மணிக்கு அந்த மணிச் சத்தம் முனையில் கேட்டதுமே வாயில் எச்சில் ஊறும், குல்ஃபி இன்னும் கண்ணில் கூடப் பட்டிருக்காது. குல்ஃபிக்கு எச்சில் ஊறுவது இயல்பு, மணிக்கு ஊறுவது பழகியது. எட்டே வாக்கியம், அதில் இரண்டு இலக்கணப் பிழை. ஹூஸ்டனில் வளர்ந்த ஒரு பெண் தன் தெருவின் ஐஸ்கிரீம் வண்டிப் பாட்டை எழுதிப் பதில் போட்டாள். ப்ரொபசர் பிழையைத் தொடவே இல்லை. ஒரு வரிதான் கேட்டார்: வண்டிக்காரர் ஒரு மாதம் மணியை மட்டும் அடித்துவிட்டு, குல்ஃபி தீர்ந்துவிட்டது என்று சொல்லிப் போய்க்கொண்டே இருந்தால் உன் எச்சில் என்ன ஆகும்? பதில் எழுதி முடிக்க இரவு ஒரு மணி ஆனது. அடுத்த வாரம் மிட்டெர்மில் அதே கேள்வி, மணிக்குப் பதில் மைக்ரோவேவ் சத்தம், குல்ஃபிக்குப் பதில் பாப்கார்ன்.